செலவில்லாத முறைக்கும் ஒரு விலை உண்டு

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணுக்குச் செய்யும் அறுவை சிகிச்சை என்றாகிவிட்டது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), மாநிலத்தில் 15 முதல் 49 வயதுவரை உள்ள திருமணமான பெண்களில் 68.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு கருத்தடை முறையைப் பின்பற்றும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இதில் பெண்களுக்கான அறுவை சிகிச்சை மட்டும் 57.8 சதவீதம், ஆண்களுக்கானது 0.1 சதவீதம். ஆணுறை, காப்பர்-டி, மாத்திரை, ஊசி, இயற்கை முறைகள் என எஞ்சியவை எல்லாம் சேர்ந்தும் 11 சதவீதத்தை எட்டவில்லை.

குழந்தைப்பேற்றை நிறுத்துவதில் தேர்ந்துவிட்ட நாம், அதைத் தள்ளிவைப்பதில் தேரவில்லை என்பதே இதன் பொருள். திருமணத்துக்கும் முதல் குழந்தைக்கும் இடையிலும், முதல் குழந்தைக்கும் அடுத்ததற்கும் இடையிலும் உள்ள ஆண்டுகள் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் கையில் விடப்படுகின்றன. திருப்பூர் போன்ற ஊரில் ஒரு குடும்பம் அதிகமாக உழைத்துச் சம்பாதிக்கும் ஆண்டுகளும் அவைதாம்.

ஆண்டுக்கு ரூ.30,000 கோடிக்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் இந்த ஊருக்குத் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பிகாரிலிருந்தும் இளம் தம்பதிகள் வருகிறார்கள். லைன் வீட்டில் ஓர் அறை. இருவருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து யாரும் வர இயலாத நிலை. எதிர்பாராத ஒரு கர்ப்பம் இரண்டு சம்பளத்தை ஒன்றாக்கிவிடும். இக்குடும்பங்களின் வரவு செலவை நெடுங்காலமாகக் கவனித்துவரும் எனக்கு, ‘மாத்திரை உடம்புக்கு ஆகாது, நாள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற பதில் பழகிப்போன ஒன்று. அந்த ‘நாள் பார்ப்பது’ என்ன, அதை வேலைக்குப் போகும் தம்பதியால் கடைப்பிடிக்க முடியுமா என்பதை விளக்கவே இக்கட்டுரை.

பழைய விவாதம், பழைய பாடம்

இயற்கை முறை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தாவில் காந்தியைச் சந்தித்தபோது, கருத்தடைச் சாதனங்களைக் காந்தி ஏற்கவில்லை; சுயக்கட்டுப்பாட்டையே வலியுறுத்தினார். ‘பாதுகாப்பான நாட்கள்’ முறை மீது மட்டும் சற்றே இளக்கம் காட்டினார். திருப்பூருக்குப் பக்கத்தில் உள்ள ஈரோட்டின் பெரியாரோ நேர் எதிர்த்திசையில் நின்றார். வறுமைக்காகவோ மக்கள்தொகைக்காகவோ அல்ல, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார்.

விடுதலைக்குப் பின், சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியின் வழியிலேயே சென்றார். உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் 1951-இல் வந்த மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோனின் ஆலோசனைப்படி, டெல்லி லோதி காலனியிலும் மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் நாட்கணக்கு முறை சோதிக்கப்பட்டது. நாட்களை எண்ண வண்ணப் பாசிமணி மாலைகள் தரப்பட்டன. ஆர்வம் காட்டியவர்கள் பலர். தொடர்ந்து கடைப்பிடித்தவர்கள் சிலரே. வீட்டின் அன்றாடத்தைக் கணக்கில் கொள்ளாத எந்த முறையும் நிலைக்காது என்பது அப்போதே கிடைத்த பாடம்.

உடலின் கணக்கு

கருப்பையிலிருந்து அல்ல, சினைப்பையிலிருந்து மாதம் ஒருமுறை வெளிவரும் முட்டை ஒரு நாளுக்கு மேல் வாழ்வதில்லை. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாட்கள்வரை உயிரோடிருக்கும். ஆகவே, ஒரு சுழற்சியில் கருத்தரிக்கக்கூடிய நாட்கள் உண்மையில் ஆறுதான். அந்த ஆறு நாட்கள் எப்போது வரும் என்று முன்கூட்டியே அறிவதில்தான் சிக்கல்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, நாட்கணக்கு. மாதவிடாய்ச் சுழற்சி தவறாமல் 26 முதல் 32 நாட்களுக்குள் அமையும் பெண்கள், மாதவிடாய் தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொண்டு, 8-ஆம் நாள் முதல் 19-ஆம் நாள்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். இரண்டாவது, கருப்பை வாயில் சுரக்கும் திரவத்தைக் கவனிப்பது. அது முட்டையின் வெள்ளைக்கருபோல வழுவழுப்பாகும் நாட்கள் கருத்தரிக்க ஏற்றவை. மூன்றாவது, காலையில் படுக்கையைவிட்டு எழும் முன் உடல் வெப்பத்தைக் குறித்துவருவது. முட்டை வெளியான பின் அது 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ்வரை உயரும்.

நாட்கணக்கு முறையைப் பிழையின்றிக் கடைப்பிடிக்கும் 100 பெண்களில் ஓராண்டில் கருத்தரிப்பவர்கள் சுமார் ஐந்து பேர். நடைமுறையில் நேரும் தவறுகளையும் சேர்த்தால் அது 12 ஆகிறது. காப்பர்-டி பொருத்திக்கொண்ட 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இது நேர்கிறது. இயற்கை முறையைத் தேர்பவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்தே தேர வேண்டும்.

ஒன்றரை ஷிப்ட் வாழ்க்கையில்

பொருளியலில் ‘வாய்ப்புச் செலவு’ என்றொரு கருத்து உண்டு. பணம் கொடுக்காமல் பெறும் பொருளுக்கும், அதற்காக நாம் விட்டுக்கொடுக்கும் வேறொன்று விலையாகிறது. இயற்கை முறை கேட்கும் விலை நான்கு: சீரான உறக்கம், தனிமை, ஒழுங்கான சுழற்சி, கணவனின் ஒத்துழைப்பு. திருப்பூரின் வேலைநேரம் இவற்றில் முதல் இரண்டையேனும் பறித்துக்கொள்கிறது.

காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைவரை நீளும் ‘ஒன்றரை ஷிப்ட்’ இங்கு வழக்கம். கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் வாரத்தில் இரவும் சேர்ந்துகொள்ளும். விட்டுவிட்டுத் தூங்கியவரின் காலை வெப்பநிலையை நம்ப முடியாது. ஆகவே, வெப்பமானி முறை இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு ஏற்றதல்ல. உறக்கக் குறைவும் மன அழுத்தமும் சுழற்சியையே தள்ளிப்போடக்கூடும் என்பதால், நாட்கணக்கும் பிசகலாம்.

மனைவி பகலில் செக்கிங், கணவன் இரவில் நிட்டிங் என்றிருக்கும் வீட்டில் இருவரும் சேர்ந்திருக்கும் நாள் ஞாயிறு மட்டுமே. 28 நாள் சுழற்சியில் நான்கு ஞாயிறுகள். தவிர்க்க வேண்டிய 12 நாட்களுக்குள் அவற்றில் ஒன்றோ இரண்டோ விழுந்தே தீரும். மாதவிடாய் நாட்களையும் சிலர் விலக்குவர். மாதத்தில் எஞ்சுவது இரண்டு ஞாயிறுகள் என்றால், ‘இந்த ஒரு முறை மட்டும்’ என்ற விதிவிலக்கு எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். அதை மன உறுதியின் குறை என்று மட்டும் சொல்வது நியாயமன்று.

இந்த நெருக்கடிக்கு எளிய தீர்வு ஒன்று உண்டு. 8 முதல் 19 வரையிலான நாட்களில் முழு விலக்குக்குப் பதிலாக ஆணுறையைப் பயன்படுத்தலாம். மாதவிடாய் தொடங்கிய நாளை, சம்பளக் கணக்கு எழுதும் அதே நாட்காட்டியில் கணவனே குறித்துவைக்கலாம். ஆணுக்கான அறுவை சிகிச்சை 0.1 சதவீதமாக இருக்கும் மாநிலத்தில், கருத்தடைப் பொறுப்பில் ஆண் பங்கேற்க அது ஒரு தொடக்கமாகும்.

ஆறு மாத வாய்ப்பு

மூன்று வழிகளிலும் சேராத இன்னோர் இயற்கை முறை தாய்ப்பால். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமலும், மாதவிடாய் திரும்பாமலும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே தரப்பட்டும் இருந்தால், கருத்தரிக்காமலிருக்க 98 சதவீத வாய்ப்பு உண்டு. 1988-இல் இத்தாலியின் பெலாஜியோவில் கூடிய அறிஞர்கள் வகுத்த வரையறை இது. மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு முறைக்கு மாறிவிட வேண்டும்.

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு உதவிச் சட்டம் முதல் இரு குழந்தைகளுக்கு வழங்கிய ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரம். அதுவும் ஏறத்தாழ அதே ஆறு மாதம். ஆனால், இ.எஸ்.ஐ. பதிவே இல்லாத சிறு ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண் ஆறு மாதம் காத்திருக்க முடியாது. மூன்றாம் மாதமே அவர் மெஷினுக்குத் திரும்பினால், பகல் முழுதும் பால் கொடுப்பது நின்று, அந்தப் பாதுகாப்பு தளர்ந்துவிடுகிறது. ‘பால் கொடுக்கும்வரை ஒன்றும் ஆகாது’ என்ற நம்பிக்கை மட்டும் நீடிக்கிறது. அடுத்தடுத்த கர்ப்பங்கள் பல இந்த இடைவெளியில் நேர்பவையே.

யாருக்கு, எப்போது?

சுழற்சி ஒழுங்கற்றவர்கள், பிரசவத்துக்குப் பின் மாதவிடாய் இன்னும் சீராகாதவர்கள், ஹார்மோன் ஊசியை அண்மையில் நிறுத்தியவர்கள், இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்தாகக் கூடியவர்கள், கணவன் ஒத்துழைக்காத அல்லது குடித்துவிட்டு வரும் வீட்டில் இருப்பவர்கள் ஆகியோர் நாட்கணக்கை நம்பக் கூடாது. காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசி, ஹார்மோன் இல்லாத ‘சாயா’ மாத்திரை ஆகியவை அரசுத் திட்டத்தில் இலவசம். எது பொருந்தும் என்பதை மருத்துவரோ செவிலியரோ பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஆலோசனை கிடைக்க வழி செய்வது அரசின் கடமை. வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்குப் பகலில் மட்டும் இயங்கும் மருந்தகம் பயன்படாது. ஞாயிற்றுக்கிழமை இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் தம்பதிகளுக்கான ஆலோசனை நேரத்தை ஒதுக்கலாம். இந்தி, ஒடியா பேசுபவர்களையும் அமர்த்தலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீடு தேடிவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் இதையும் பேசலாம். சட்டம் சொல்லும் குழந்தைகள் காப்பகங்கள் பெரிய கம்பெனிகளில் உண்மையாகவே இயங்க வேண்டும். சிறு யூனிட்டுகள் பகுதிவாரியாகச் சேர்ந்து அவற்றை நடத்தலாம்.

குழந்தையை எப்போது பெறுவது என்ற முடிவு தம்பதிக்கே உரியது. ஆனால், அந்த முடிவைச் செயல்படுத்தத் தேவையான ஓய்வும் விடுப்பும் அவர்கள் கையில் இல்லை. வேலைநேரத்தையும் மகப்பேறு விடுப்பையும் பற்றிப் பேசாமல், குடும்ப நலத்தைப் பற்றி மட்டும் தொழிலாளர்களுக்கு அறிவுரை சொல்வதில் பயனில்லை.