மாமாவோட எலெக்ட்ரிக் கார் செண்பகத்தோப்புக்கு நல்லதா?

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடு ஒரு குடும்பச் சண்டையில ஆரம்பிக்குது.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப, ராஜபாளையத்துல இருந்து மாமா கார்ல செண்பகத்தோப்பு போனோம். வனத்துறை செக்போஸ்ட் பக்கத்துல வண்டியை நிறுத்துனதும் மாமா கேட்டார்: "மாப்ள, இந்தப் பெட்ரோல் வண்டியைத் தள்ளிவிட்டுட்டு எலெக்ட்ரிக் வாங்கிரலாம்னு இருக்கேன். புகையே கிடையாதுல்ல, காட்டுக்கும் நல்லதுதானே?"

பின்சீட்ல இருந்த அவர் பையன் விடல. "கரண்ட் மட்டும் எங்க இருந்து வருதாம்? நிலக்கரியை எரிச்சுத்தானப்பா!"

வீடு வந்து சேர்ற வரைக்கும் சண்டை ஓயல. சின்னத் தொகை இல்ல, மாமாவோட சேமிப்புல பெரும்பகுதி. அதனால "நான் கணக்குப் போட்டுத் தர்றேன்"னு வாய் விட்டுட்டேன். அந்தக் கணக்குதான் இது.

புகை எங்க போச்சு?

ரெண்டு பேர் சொன்னதுலயும் பாதி சரி. எலெக்ட்ரிக் காருக்குப் புகைக்குழாயே கிடையாது. அதனால ராஜபாளையம் பஜார்ல நிக்கிறவங்களுக்கு அது கண்டிப்பா நல்லது. ஆனா புகை மொத்தமா மறைஞ்சுடல, அதுல ஒரு பங்கு இடம் மாறிடுச்சு. நமக்குப் பக்கத்துலயே உதாரணம் இருக்கு. தூத்துக்குடி அனல்மின் நிலையம்: 5 யூனிட், 1,050 மெகாவாட். அதே ஊர்லதான் 2025 ஆகஸ்ட்ல வின்ஃபாஸ்ட் எலெக்ட்ரிக் கார் ஃபேக்டரியும் திறந்தாங்க. துறைமுகத்துல ஒரு பக்கம் நிலக்கரி இறங்குது, ஊர்ல இன்னொரு பக்கம் எலெக்ட்ரிக் கார் தயாராகுது.

"நம்மகிட்ட ஆரல்வாய்மொழி காத்தாடி இருக்கு, கூடங்குளம் இருக்கு, கமுதி சோலார் இருக்கு, நம்ம கரண்ட் சுத்தமானதுதானே?"ன்னு நீங்க கேக்கலாம். 2013 டிசம்பர் 31-க்கு அப்புறம் தென்னிந்தியாவும் நாட்டோட ஒரே மின்கட்டமைப்புல சேர்ந்துடுச்சு. கம்பியில வர்ற கரண்ட்ல இது காத்து, இது கரின்னு பிரிச்சு எடுக்க முடியாது. அதனால நான் இந்திய சராசரியையே எடுத்துக்கிறேன். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு?

இது ரஃப் கணக்குதான். வண்டி, ரோடு, ஓட்டுற விதத்தைப் பொறுத்து மாறும்.

பெட்ரோல் கார்: ஒரு லிட்டரை எரிச்சா 2.3 கிலோ. எண்ணெயைத் தோண்டி, சுத்திகரிச்சு, பங்க் வரைக்கும் கொண்டுவர்றதையும் சேர்த்தா 2.8 கிலோன்னு வெச்சுக்கலாம். மைலேஜ் 15-ன்னா, கிலோமீட்டருக்கு 187 கிராம்.

எலெக்ட்ரிக் கார்: உற்பத்தியாகுற ஒரு யூனிட்டுக்கு, கம்பியிலயும் சார்ஜர்லயும் வீணாகுறது போக, ஐந்தரை கிலோமீட்டர் ஓடுதுன்னு வைங்க. கிலோமீட்டருக்கு 131 கிராம்.

ஆக இன்னைக்கு இருக்குற கரிக் கரண்ட்லயும் கிலோமீட்டருக்கு 56 கிராம் மிச்சம். "நிலக்கரியில ஓடுது, அதனால ரெண்டும் ஒண்ணுதான்"னு சொல்றது தப்பு.

பேட்டரின்னு ஒரு கடன்

ஆனா எலெக்ட்ரிக் கார் ஷோரூமை விட்டு வரும்போதே ஒரு கடனோட வருது. 40, 45 யூனிட் பிடிக்கிற பேட்டரியைச் செய்யவே சுமார் 3 டன் கார்பன் டை ஆக்சைடு ஆகும். கிலோமீட்டருக்கு 56 கிராம் வீதம் அந்தக் கடனை அடைக்கணும். வகுத்துப் பாருங்க: கிட்டத்தட்ட 54,000 கிலோமீட்டர்.

இந்த எண்ணை ரெண்டு பேருக்குப் பொருத்திப் பார்த்தேன்.

என் ஸ்கூல் நண்பன் ஒருத்தன் மதுரைக்கு டாக்சி ஓட்டுறான். மாசம் 4,000 கிலோமீட்டர். அவன் கடன் 14 மாசத்துல அடைஞ்சிடும். அதுக்கப்புறம் ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டரும் லாபம்.

மாமா ஓட்டுறது மாசம் 400 கிலோமீட்டர். கோயில், கல்யாணம், எப்பவாவது மதுரை ஆஸ்பத்திரி. அவருக்கு 11 வருஷம் ஆகும்! அதுவும் புது வண்டியோட பாடி, டயர், கண்ணாடி செய்ய ஆன புகையைச் சேர்க்காம. இருக்கிற கார் நல்லா ஓடிட்டிருக்கும்போது புதுசு வாங்கினா அந்தக் கணக்கும் ஏறும்.

என் கணக்கு சரியான்னு பார்க்க ஒரு வெளி அளவுகோல் இருக்கு. ஐ.சி.சி.டி. ஆய்வு நிறுவனம் 2021-ல வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தியாவுல ஒரு நடுத்தர எலெக்ட்ரிக் காரோட வாழ்நாள் மொத்தப் புகை, பெட்ரோல் காரை விட 19 முதல் 34 சதவீதம் குறைவு. ஐரோப்பாவுல 66 முதல் 69 சதவீதம். தொழில்நுட்பம் ஒண்ணுதான், பின்னாடி இருக்கிற கரண்ட்தான் வேற. நம்ம கரண்ட்ல கரியோட பங்கு குறையக் குறைய, ஏற்கெனவே வாங்கின எலெக்ட்ரிக் கார் கூட சுத்தமாகிட்டே வரும். பெட்ரோல் காருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

சரி, காட்டுக்கு?

மாமா உண்மையில கேட்டது இதைத்தான். செண்பகத்தோப்பு சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல அறிவிச்ச சரணாலயம். 2021-ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துல சேர்ந்தது. அந்த அணில் மரத்துக்கு மரம் தாவியே வாழ்ற ஜீவன். அதுக்குக் கிளையும் கிளையும் தொட்டுக்கிட்டு இருக்கணும். ரோட்டை அகலப்படுத்த மரத்தை வெட்டினா, அதுல போறது பெட்ரோல் காரா எலெக்ட்ரிக் காரான்னு அணிலுக்கு வித்தியாசம் இல்ல. குறுக்கே வர்ற மானுக்கும் அப்படித்தான். டயர் தேஞ்சு விழுற தூசி ரெண்டுலயும் உண்டு. ஞாயித்துக்கிழமை வந்து நிக்கிற கார்களோட எண்ணிக்கை குறைஞ்சாத்தான் காட்டுக்கு நேரடி நிம்மதி. ஒரு கார்ல அஞ்சு பேரா வர்றது, பஸ்ல வந்து மிச்சத்துக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கிறது, இதெல்லாம் பேட்டரியை விடப் பெரிய உதவி.

மாமா என்ன முடிவு பண்ணார்?

பேப்பர்ல எழுதிக் காட்டுனேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ நான் கம்முனு இருக்கணுங்கிறியா?"ன்னார்.

"இல்ல மாமா. கார் இன்னும் நாலஞ்சு வருஷம் ஓடட்டும். தினமும் மார்க்கெட்டுக்கும் மில்லுக்கும் போறீங்களே, அந்த ஸ்கூட்டரை மாத்துங்க." எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி 3 யூனிட்தான். அதே முறையில கணக்குப் போட்டா ஆறேழாயிரம் கிலோமீட்டர்ல கடன் அடையும். தினம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டுற அவருக்கு ரெண்டு வருஷம் கூட ஆகாது. சார்ஜையும் பகல்ல போட்டா, சோலார் கரண்ட் நிறைய இருக்கிற நேரமா அமையும்.

ஸ்கூட்டர் புக் பண்ணிட்டார். பையன் மட்டும் இன்னும் மொறைக்கிறான், அவன் ஆசைப்பட்டது கார்.

நீங்களும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு எண்ணைப் பாருங்க: மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுறீங்க? உங்க கணக்கை எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசலாம்.