கழற்றி மாட்டினாலும் குறி மாறக் கூடாது

போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். சொந்தமாக ஒரு சிறிய சீ.என்.சீ. இயந்திரம் வாங்கிப் போட்டிருக்கிறார். கடன் தவணை மாதா மாதம் வாசலில் வந்து நிற்கிறது, வேலைதான் போதவில்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் இணையத்தில் தொடர்பு கொண்டு, துவக்கின் மேல் பூட்டும் தொலைநோக்கிக்கு ஒரு தாங்கி செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறாராம். வேண்டும்போது மாட்டவும், வேண்டாதபோது கழற்றவும் கூடியதாக இருக்க வேண்டும். மாதிரி பிடித்தால் 500 எடுப்பாராம்.

"நானா, சின்ன அலுமினியத் துண்டுதானே. நாலு ஸ்குரூ, ஒரு லீவர். ஓம் என்று சொல்லட்டா?" என்று கேட்டார்.

நான் சிரித்து விட்டேன். அவருக்கு முகம் சுருங்கிப் போனது. அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தே சிரித்தேன். இதே போன்ற ஒரு சின்ன அலுமினியத் துண்டுதான் 2006இல் என் பட்டறையை மூட வைக்கப் பார்த்தது. அவருக்குச் சொன்னதையே இந்தப் பத்தியிலும் எழுதுகிறேன். இரும்பு, அலுமினியம் பக்கம் போகாத வியாபாரிகளுக்கும் இதில் ஏதாவது கிடைக்கலாம்.

அப்போது வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுக்குத் தெருக்களில் மாடி வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக் கொண்டிருந்தன. கட்டட வேலைக்கு லேசர் அளவுமானிகள் வரத் தொடங்கிய காலம். அதில் ஒரு குறை இருந்தது. கொழும்பு வெயிலில் 30 மீற்றருக்கு அப்பால் அந்தச் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. அதனால் கருவியின் மேல் சிறிய தொலைநோக்கி ஒன்றைப் பூட்டிப் பார்ப்பார்கள். வெள்ளவத்தையில் அளவுக் கருவிகள் விற்கும் வியாபாரி ஒருவர், அந்தத் தொலைநோக்கிக்குக் கழற்றி மாட்டும் பிராக்கெட் 60 செய்து தரும்படி கேட்டார். கொட்டாஞ்சேனையில் இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் வைத்திருந்த எனக்கு அது நல்ல ஓடர்.

மாதிரியை நானே அரம் பிடித்து ராவிச் சரி பண்ணினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. கழற்றி மாட்டினாலும் புள்ளி அசையவில்லை. வியாபாரி கைகுலுக்கி முற்பணம் தந்தார். நானும் 60க்கும் அலுமினியம் வாங்கி வெட்டினேன். இரண்டே வாரத்தில் 40க்கு மேல் திரும்பி வந்தன. "முதல்தரம் மாட்டும்போது சரியாகத்தான் இருக்கிறது. கழற்றித் திரும்ப மாட்டினால் வேறு சுவரைக் காட்டுகிறது" என்றார் வியாபாரி.

ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு பாடசாலைப் பிள்ளைக்கே விளங்கும். பிராக்கெட்டின் முன் காலுக்கும் பின் காலுக்கும் இடையில் 100 மில்லிமீற்றர் தூரம் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு காலின் கீழே சாதாரணக் கடதாசி ஒன்று அகப்பட்டு, அது 0.1 மில்லிமீற்றர் உயர்ந்து விட்டால், 100 மீற்றர் தூரத்தில் குறி 10 சென்ரிமீற்றர் விலகும். கடதாசியே தேவையில்லை. அலுமினியத் தூளோ, ஒரு தரம் கூட இறுக்கியதும் மறுதரம் குறைய இறுக்கியதுமோ போதும். நான் செய்த மாதிரி அந்த ஒரே கருவிக்கு ராவியது. மற்ற 59 கருவிகளும் மயிரிழையளவு வித்தியாசமாக இருந்தன. நான் விற்றது ஒரு பொருளை அல்ல, என் கை ராவிய ராசியை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதோடு முடியவில்லை. திரும்பி வந்த பிராக்கெட்டுகளில் கொஞ்சத்தையும் இரண்டு தொலைநோக்கிகளையும் எடுத்துவர, பட்டறையில் வேலை செய்த தம்பி ஒருவரை வெள்ளவத்தைக்கு அனுப்பினேன். இருபது வயது. ஊர் யாழ்ப்பாணம், இருப்பிடம் கொட்டாஞ்சேனை. 2006இல் கொழும்பு எப்படி இருந்தது என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பையைத் திறந்தார்கள். உள்ளே தொலைநோக்கி, அதைப் பூட்டும் பிராக்கெட், ஆணிகள். அடையாள அட்டையில் பிறந்த இடம் வேறு. டெலிவரி நோட் இல்லை, பில் இல்லை, ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. "திரும்பி வரும் சாமானுக்கு எதற்கு பில்?" என்று நான்தான் அலட்சியமாக இருந்து விட்டேன்.

இரவு எட்டு மணிக்குச் செய்தி வந்தது. நானும் அவருடைய தாயாரும் போனோம். என் வாய்ப்பேச்சை எவர் நம்புவார்? மறுநாள் காலை வியாபாரி தன் ஓடர் புத்தகம், முற்பணப் பற்றுச்சீட்டு, அளவுமானி எல்லாவற்றையும் கொண்டு வந்து, பூட்டிக் காட்டிய பிறகுதான் தம்பியை விட்டார்கள். அந்த இரவு முழுவதும் அந்தத் தாய் வாங்கில் இருந்த இருப்பு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

புறப்படும்போது, ஓய்வு பெறும் வயதை அண்டிய சாஜன்ட் ஒருவர் பிராக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஆயுதக் களஞ்சியத்தில் வேலை செய்தவராம். "பழைய 303 துவக்கிலும் இப்படிக் கழற்றும் கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் ஒவ்வொரு சாமானுக்கும் இலக்கம் அடித்திருப்பான். உங்கள் சாமானில் இலக்கம் இல்லையே?" என்றார். தகவலாகத்தான் சொன்னார். எனக்கு அது நெற்றியில் அடித்தது போல இருந்தது.

பிறகு தேடிப் படித்தேன். அவர் சொன்னது லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 (டீ) என்ற துவக்கு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைக்காகச் செய்தது. தொழிற்சாலையில் வரும் துவக்குகளில் நன்றாகக் குறி பிடிப்பவற்றைத் தெரிந்தெடுத்து, 1942 தொடக்கம் லண்டனின் ஹொலன்ட் அன்ட் ஹொலன்ட் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும் வேட்டைத் துவக்கு செய்த, 1835இல் தொடங்கிய நிறுவனம் அது. 20,000க்கும் மேற்பட்ட துவக்குகளுக்கு அவர்கள் தொலைநோக்கி பூட்டிக் கொடுத்தார்கள். நம்பர் 32 என்ற அந்தத் தொலைநோக்கி மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டும். உண்மையில் அது பிரென் இயந்திரத் துவக்குக்காக யோசிக்கப்பட்டது, பிறகு வேறு வேலைக்குப் பயன்பட்டது.

தாங்கிதான் நமக்கு விசயம். துவக்கின் இடப்பக்கத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு உருக்குத் திண்டுகளை நிரந்தரமாகப் பொருத்தினார்கள். வார்ப்பு இரும்பில் செய்த பிராக்கெட் அவற்றின் மேல் உட்காரும். கையால் திருகும் இரண்டு பெரிய ஆணிகள், அவ்வளவுதான். லீவர் இல்லை, ஸ்பிரிங் இல்லை. சண்டையில்லாத நேரத்தில் தொலைநோக்கியைப் பிராக்கெட்டோடு கழற்றித் தகரப் பெட்டியில் வைத்துக் கொண்டு போவார்கள். கண்ணாடி பாதுகாப்பாக இருக்கும், துவக்கையும் வழமையான குறிபார்க்கும் முறையில் பயன்படுத்தலாம். திரும்ப மாட்டும்போது குறி பழைய இடத்துக்கே வரவேண்டும்.

இதில் என்னைக் கவர்ந்தது ஒரு நேர்மை. எல்லாப் பிராக்கெட்டும் எல்லாத் துவக்குக்கும் பொருந்தும் என்று அவர்கள் பாசாங்கு செய்யவில்லை. அந்தக் காலத்துத் திருத்த அளவில் அது முடியாது என்று அறிந்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு தொலைநோக்கியைச் சோடி சேர்த்தார்கள். தொலைநோக்கியின் இலக்கத்தைத் துவக்கின் மரப்பிடியிலும், துவக்கின் இலக்கத்தைப் பிராக்கெட்டிலும் அடித்தார்கள். சோடி மாறினால் குறிக்கு உத்தரவாதமில்லை. செய்ய முடியாததை வாக்களிக்காமல், செய்ய முடிந்ததை இலக்கம் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

குறை இல்லாமலும் இல்லை. முன் திண்டு நாளடைவில் தளர்ந்து விடும் தொல்லை இருந்தது. வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் துவக்கு பின்னால் உதைக்கும், தொலைநோக்கியோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். அந்த இழுவை முழுவதும் ஆணிகளில்தான் விழும். அதனால் ஆணித் தலையைச் சுற்றி உலோகத்தைக் குத்தி, சுழலாதபடி பூட்டினார்கள்.

இன்னொன்று. அந்தப் பிராக்கெட்டுகளைச் செய்த இடங்களில் ஒன்று இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவிலிருந்த ரோஸ் பிரதர்ஸ். சமாதான காலத்தில் அவர்களுடைய பேர்போன தொழில் என்ன தெரியுமா? இனிப்புகளுக்குக் கடதாசி சுற்றும் இயந்திரம் செய்வது! மெஷினும் கைப்பழக்கமும் இருந்தால் சாமான் மாறலாம்.

அதற்கு முந்திய போரில் இந்த விசயம் இன்னும் மோசம். முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் தொலைநோக்கியைத் துவக்கின் நடுவில் வைக்காமல் இடப்பக்கம் ஒதுக்கிப் பூட்டினார்கள். மேலிருந்து ரவைகளைக் கட்டாக இறக்குவதற்கு வழி விடவேண்டும் என்பது காரணம். பதுங்குகுழியின் உருக்குத் தகட்டிலுள்ள சிறு துவாரத்தால் சுட வேண்டியவனுக்கு, குழாய் தெரிந்தால் கண்ணாடி மறையும். ஹெஸ்கெத்-பிரிச்சாட் என்ற அதிகாரி இதைப் பற்றி மிகவும் குறைப்பட்டு எழுதியிருக்கிறார். பாவிப்பவனிடம் கேளாமல் வரைந்த சாமான் எந்த ஊரிலும் இப்படித்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். திரும்பி வந்த பிராக்கெட்டுகளை மேசையில் பரப்பி வைத்து இரண்டு நாள் யோசித்தேன். நான் நாலு கால் வைத்திருந்தேன். நாலு கால் வாங்கு சமதரையில்லாவிட்டால் ஆடும். எங்கள் உம்மாமார் மூன்று கல் அடுப்பில்தான் சட்டி வைத்தார்கள், எந்த நிலத்திலும் அது ஆடவே ஆடாது. 19ஆம் நூற்றாண்டிலேயே கெல்வின் பிரபு என்ற விஞ்ஞானி இதை முறையாகச் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு கால் குழியில் உட்காரட்டும், இரண்டாவது ஒரு பள்ளக்கோட்டில் உட்காரட்டும், மூன்றாவது வெறும் தட்டையில் நிற்கட்டும். எத்தனை தரம் எடுத்து வைத்தாலும் அதே இடத்துக்கு வரும். தேவைக்கு மேல் ஒரு இடத்தில் பிடித்தாலும் சாமான் வளையும்.

அப்படியே மூன்று கால் வைத்தேன். முன்னால் ஒரு நிறுத்தியும் வைத்தேன், மாட்டும்போது எப்போதும் முன்னுக்குத் தள்ளி அதில் முட்டவைத்து, அதன் பிறகே இறுக்க வேண்டும். லீவரை எடுத்துவிட்டுக் கையால் திருகும் ஆணி போட்டேன். கடைசியாக, ஒவ்வொரு பிராக்கெட்டையும் ஒவ்வொரு கருவியோடு சரிபார்த்து, இரண்டிலும் ஒரே இலக்கம் அடித்தேன். முதல் 60இல் எனக்கு நட்டம். வியாபாரி நல்ல மனிதர், அலுமினியச் செலவில் பாதியைத் தாமாகவே ஏற்றார். புதியவற்றில் ஒன்றும் திரும்பி வரவில்லை. அந்தத் தம்பி இரண்டு வாரம் வேலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வந்தார், பிறகு 2008இல் கட்டாருக்குப் போனார்.

கொட்டாஞ்சேனை இளைஞர் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்போது சீ.என்.சீ. இருக்கிறதே நானா, எல்லாம் ஒரே அளவாக வருமே?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் எந்த அளவுக்கு ஒரே அளவு? அமெரிக்காவில் வீவர் என்பவர் 1930இல் தொடங்கிய கம்பனியின் பெயரால் ஒரு தண்டவாளம் வழக்கத்துக்கு வந்தது. அதன் குறுக்கு வெட்டுகளின் அகலம் 4.57 மில்லிமீற்றர், ஆனால் வெட்டுக்கு வெட்டு இடைவெளிக்கு ஒரு நிலையான கணக்கு இல்லை. 1995 பெப்ரவரியில் அந்நாட்டு இராணுவம் பிக்கட்டினி என்ற தரத்தை வரைபடத்தோடு வெளியிட்டது. வெட்டு 5.23 மில்லிமீற்றர், நடுவுக்கு நடு 10.01 மில்லிமீற்றர். அதன் பிறகுதான் ஒருவர் செய்த தாங்கி இன்னொருவர் செய்த தண்டவாளத்தில் உட்காரத் தொடங்கியது. கெமராக்காரர்கள் பாவிக்கும் ஆர்கா தட்டைப் பாருங்கள். அதற்கு இப்படி எழுதப்பட்ட தரம் கிடையாது. ஒவ்வொரு கம்பனியும் கிட்டத்தட்ட ஒரு அளவில் வெட்டுகிறது. திருகி இறுக்கும் பிடி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். லீவர் பிடியோ ஒன்றில் தளரும், இன்னொன்றில் பூட்டவே மாட்டாது. லீவர் பார்வைக்கு அழகு, விற்கவும் லேசு. அளவு உங்கள் கையில் இல்லாத இடத்தில் லீவர் போடாதீர்கள் என்பது நான் காசு கொடுத்துப் படித்தது.

அடுத்து அவரிடம் மூன்று கேள்வி கேட்டேன். வாங்குபவர் அளவும் விலகல் எல்லையும் குறித்த வரைபடம் தந்தாரா? இல்லை, படம் மட்டும்தான். அந்தப் படத்திலுள்ள வடிவத்துக்கு வேறு எவரிடமாவது உரிமை இருக்கிறதா என்று பார்த்தாரா? இல்லை. இங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கவுரிமைக்கு 20 வருடம், கைத்தொழில் வடிவமைப்புக்கு 5 வருடமும் மேலும் இரண்டு தரம் புதுப்பிக்கவும் இடமுண்டு. வாங்குபவரின் நாட்டில் அங்குள்ள சட்டம். மூன்றாவதுதான் பெரியது. துவக்கு சம்பந்தப்பட்ட சாமானுக்கு அனுமதி கேட்டாரா? 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு தாங்கி அதற்குள் வருமா வராதா என்பதை அவரும் நானும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு தீர்மானிக்க முடியாது. பாதுகாப்பு அமைச்சிடமும் சுங்கத்திடமும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வரும்வரை ஒரு துண்டு அலுமினியமும் வெட்ட வேண்டாம் என்றேன். ஓர் இரவு வாங்கில் இருந்த தாயை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

முகம் வாடித்தான் இருந்தது. தவணை அவருக்கு, புத்திமதி எனக்கு, சொல்வது லேசு. ஆனால் கெமராவுக்கும் அளவுக் கருவிக்கும் இதே வேலை இருக்கிறது, அதற்கு எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வெள்ளவத்தையில் இரண்டு கடைகளின் பெயரைக் கொடுத்தேன்.

போகும்போது என் மேசையில் கடதாசிக்குப் பாரமாகக் கிடந்த பழைய பிராக்கெட்டை எடுத்துப் பார்த்தார். இலக்கம் 17. அதன் கருவி எங்கோ கட்டட வேலையில் விழுந்து உடைந்து போனது, இது மட்டும் தனியே திரும்பி வந்தது. மூன்று காலையும் அளந்து பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார். கொடுத்தேன். டெலிவரி நோட் எழுதி, கையொப்பம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.