மண்ணுக்குள் பார்க்கும் ரேடார்

கீழடித் தென்னந்தோப்பின் அடியில் ஒரு பழைய ஊர் புதைந்து கிடக்கிறது!

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தில், வைகையை ஒட்டி இருக்கிறது கீழடி. சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அங்குள்ள பள்ளிச்சந்தைத் திடலின் பரப்பு சுமார் 110 ஏக்கர். 2015-ம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வைத் தொடங்கியது. 2018-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை நடத்துகிறது.

இத்தனை ஏக்கரில் எங்கே தோண்டுவது? தோப்பு தனியாருக்குச் சொந்தம். கண்ட இடத்தில் குழி வெட்டினால் மரம் போகும், பணமும் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. எந்தப் பொருள் எந்த ஆழத்தில் கிடந்தது என்பதே காலத்தைச் சொல்லும் சாட்சி. ஒரு தடவை வெட்டிவிட்டால், அந்த மண் அடுக்கை யாராலும் திரும்ப அடுக்க முடியாது.

எனவே, 2019-ம் ஆண்டு ஐந்தாம் கட்ட அகழாய்வுக்கு முன், மும்பை இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தாரின் உதவியுடன் தரையை ரேடார் மூலம் சோதித்தார்கள்.

கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை ஊகிப்பது நம் ஊர் வழக்கம். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். கருவி ரேடியோ அலையைத் தரைக்குள் அனுப்புகிறது. சுவரோ, கல்லோ, வேறு வகை மண்ணோ குறுக்கிட்டால் அலையில் ஒரு பகுதி திரும்பி வரும். வந்து சேர எடுத்த நேரம்தான் ஆழத்துக்குக் கணக்கு. நேரம் என்றால் கண் இமைப்பதில் கோடியில் ஒரு பங்கு! உழவர் சால் ஓட்டுவதுபோல, கருவியை வரிவரியாக இழுத்துச் செல்ல வேண்டும். எல்லா வரிகளையும் சேர்த்தால் பூமியின் உட்படம் கிடைக்கும்.

ஆனால் ரேடாரை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஈரக் களிமண் அலையை விழுங்கிவிடும். மரத்தின் வேரும் சுவர்போல எதிரொலிக்கும். தோப்பில் வேருக்குப் பஞ்சமா?

2019 ஜூனில் தோண்டத் தொடங்கினார்கள். செங்கல் சுவர்களும் உறைகிணறும் வெளிப்பட்டன.

சுவருக்கு என்ன வயது என்று ரேடார் சொல்லாது. அதைச் சொன்னது கரித்துண்டு. நான்காம் கட்டத்தில் 353 சென்டிமீட்டர், அதாவது சுமார் பதினொன்றரை அடி ஆழத்தில் கிடைத்த கரியை அமெரிக்காவில் சோதித்தார்கள். அதன் காலம் சுமார் கி.மு. 580!

பானை ஓடுகளில் கீறப்பட்ட தமிழ் எழுத்துகளைக் கீழடி அருங்காட்சியகத்தில் காணலாம். அது 2023-ம் ஆண்டு திறக்கப்பட்டது. திடலின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படவில்லை.