கணக்கு அம்மாவுடையது, பார்ப்பது பிள்ளை

மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் "ஐயோ, அதெல்லாம் கிடையாது" என்றுதான் பதில் வரும். அது உண்மையும்கூட. பிள்ளைக்கென்று தனிக் கணக்கு இல்லை. ஆனால் அம்மாவின் கணக்கில் திறந்திருக்கும் யூடியூபில், அப்பாவின் இன்ஸ்டாகிராமில் அந்தப் பிள்ளை தினமும் உலவிக்கொண்டிருக்கிறது. ஷார்ட்ஸைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது யார் என்று நிறுவனத்தைக் கேட்டால், முப்பத்தைந்து வயதுப் பெண் என்றே அதன் பதிவு சொல்லும். வீடியோவும் விளம்பரமும் அந்த வயதுக்கு ஏற்றபடிதான் வந்து விழும்.

குழந்தைகளையும் சமூக ஊடகத்தையும் பற்றி இன்று நடக்கும் பேச்சு பெரும்பாலும் வயது வரம்பைச் சுற்றியே இருக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் எல்லாம் 13 வயது நிரம்பினால்தான் கணக்கு என்கின்றன. இது மருத்துவர்கள் கூடி முடிவுசெய்த வயது அல்ல. 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றி இணையதளங்கள் திரட்டக் கூடாது என்று அமெரிக்கா 1998-இல் ஒரு சட்டம் போட்டது. அனுமதி வாங்கும் வேலையைத் தவிர்க்க, அந்த வயதுக்காரர்களுக்குக் கணக்கே கிடையாது என்று நிறுவனங்கள் அறிவித்துவிட்டன. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டால் யாரும் உள்ளே போய்விடலாம். குழந்தைகளின் விவரங்களைத் திரட்டிய குற்றச்சாட்டில் 2019-இல் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. அதன் பிறகுதான், குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் ஆளைப் பார்த்துக் காட்டும் விளம்பரமும் பின்னூட்டமும் நின்றன.

ஆஸ்திரேலியா இன்னும் ஒருபடி மேலே போயிருக்கிறது. 2025 டிசம்பர் 10 முதல் அங்கே 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் உள்ளிட்ட தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை, நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பொறுப்பை நிறுவனத்தின் தலையில் வைத்தது மிகச் சரி. ஆனாலும் அந்தச் சட்டம் தடுப்பது கணக்கைத்தான். கணக்கில் நுழையாமலே யூடியூப் பார்க்க அங்கேயும் வழி உண்டு.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள அனைவரையும் குழந்தை என்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துத்தான் அவர்களின் விவரத்தைக் கையாள வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. நல்ல சட்டம். ஆனால் போனைப் பிடித்திருப்பது குழந்தை என்று நிறுவனத்துக்குத் தெரிந்தால்தான் இது பிள்ளையைக் காக்கும். அம்மாவின் கணக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எந்தச் சட்டமும் பார்க்காது.

அதனால் முதல் வேலை, பிள்ளையைப் பிள்ளையாகவே பதிவுசெய்வது. ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் ஃபேமிலி லிங்க் மூலம் சரியான பிறந்த தேதியுடன் குழந்தைக் கணக்கு தொடங்கலாம். எந்தச் செயலி இறங்கலாம், எத்தனை நேரம் ஓடலாம் என்பதைப் பெற்றோர் தம் போனிலிருந்தே தீர்மானிக்கலாம். வீட்டில் ஒரே போன்தான் என்றால், யூடியூப் கிட்ஸை இறக்கி அதை மட்டும் கொடுங்கள். அதில் பெற்றோர் அனுமதித்த வீடியோக்கள் மட்டும் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் தேடும் வசதியே மறைந்துவிடும். இது முக்கியம். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் மைக் படத்தைத் தொட்டு "ஸ்பைடர்மேன் சண்டை" என்று சொல்லிவிடும். வருகிற வரிசையில் நான்காவதோ ஐந்தாவதோ என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் உருவங்களை வைத்து வன்முறையும் ஆபாசமும் கலந்த வீடியோக்கள் யூடியூபில் குவிந்து கிடந்தது 2017-இல் உலகம் முழுக்கப் பேச்சானது. கொஞ்ச நேரத்துக்குத்தான் போன் தருகிறீர்கள் என்றால், போன் அமைப்புகளில் ஆப் பின்னிங் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியேறக் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்து, ஒரு செயலியைத் திறந்து பூட்டிவிட்டால், அந்தக் கடவுச்சொல் இல்லாமல் பிள்ளை அதிலிருந்து வாட்ஸ்அப்புக்கோ ஜிபேவுக்கோ தாவ முடியாது.

நேரத்தைப் பொறுத்தவரை, ஐந்து முதல் பத்து வயது வரை நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக, முடிந்தவரை இன்னும் குறைவாக என்பது இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை.

பள்ளிகளிடமும் ஒரு வேண்டுகோள். கொரோனா காலத்தில் வேறு வழியில்லாமல் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்புக்கு வந்தது. பல இடங்களில் அது இன்னும் அங்கேயே இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு "மிஸ் என்ன அனுப்பியிருக்காங்கன்னு பாக்கணும்மா" என்று கேட்கும் பிள்ளைக்குப் போனைக் கொடுக்காமல் எந்த அம்மா இருக்க முடியும்? வீட்டுப்பாடம் பார்ப்பது இரண்டு நிமிடத்தில் முடியும். போன் ஒரு மணி நேரம் திரும்பாது. தொடக்கப் பள்ளி வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதி அனுப்புங்கள். அந்த வழக்கம் திரும்பும்வரை, அம்மாவோ அப்பாவோ பார்த்து நோட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

பெரியவர்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் படங்களிலும் கவனம் வேண்டும். பள்ளி முதல் நாளன்று, சீருடையில் பேட்ஜ் தெரிய, கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கும் பிள்ளையின் படம், முன்பின் தெரியாதவருக்குப் பெயர், வகுப்பு, பள்ளி மூன்றையும் ஒரே நொடியில் சொல்லிவிடுகிறது.

விளையாட்டுச் செயலிகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், ரோப்லாக்ஸ் போன்றவற்றில் முகம் தெரியாதவர்களோடு சேர்ந்து ஆடவும் பேசவும் முடியும். "டைமண்ட் தர்றேன், உன் போட்டோ அனுப்பு" என்பதுபோலத்தான் பேச்சு தொடங்கும் (டைமண்ட் என்பது விளையாட்டுக்குள் செலவழிக்கும் நாணயம்). ஓடிபி கேட்பதும் உண்டு. பிள்ளைகள் இதை வீட்டில் மறைப்பதற்குப் பெரிய காரணம் பயம். சொன்னால் அடி விழும், போன் போய்விடும். ஆகவே, எதுவும் நடப்பதற்கு முன்பே, "யார் என்ன கேட்டாலும் என்கிட்ட வந்து சொல்லு. உன்னைத் திட்ட மாட்டேன்" என்று சொல்லி வையுங்கள். பிள்ளை வந்து சொல்லும் நாளில் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

அப்படி ஏதாவது நடந்துவிட்டால் உரையாடலை அழித்துவிடாதீர்கள். எதிராளியின் கணக்குப் பெயரும் வந்த செய்திகளும் ஆதாரம். குழந்தைக்கு உதவி தேவைப்பட்டால் 1098, பணம் பறிபோனால் 1930 எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் தரலாம். குழந்தைகள் தொடர்பான ஆபாசப் பதிவுகளைப் பற்றிப் பெயர் சொல்லாமலே தெரிவிக்க அங்கே வழி உண்டு. அத்தகைய படம் எதுவும் கைக்கு வந்தால், எச்சரிக்கை செய்கிறோம் என்று நினைத்துக்கூட உறவினர் குழுவுக்கோ பெற்றோர் குழுவுக்கோ அனுப்பாதீர்கள். அனுப்புவது போக்சோ சட்டத்திலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் குற்றம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், அதைப் புகார் செய்யாமல் போனில் வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. நேரே காவல் துறையிடம் செல்லுங்கள்.