வாந்திபேதி அறையில் பிறந்த புத்தகம்

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகி ஒரு கிழமைக்குப் பிறகு என்னிடம் படித்த ஒரு பையனைப் பார்க்கப் போனேன். வாவிக்கரையை அண்டிய சிறிய வீடு. வாப்பா இரவில் தோணியெடுத்து வலை வீசுபவர். பையனின் மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் கொட்டை எழுத்தில் "நான் ஒரு டொக்டர்." பரீட்சைக்கு முன்னர் நடந்த ஊக்குவிப்புக் கருத்தரங்கொன்றில், சுபஹுக்குப் பிறகு தினமும் இருபத்தொரு தடவை இதைச் சொல்லச் சொன்னார்களாம். மூன்று பாடமும் சித்திதான். ஆனால் மருத்துவத்துக்கு அந்தப் புள்ளி போதாது.

"நான் முழுமனசா நம்பல்ல போல சேர், அதான்" என்றான்.

இரசாயனவியலுக்குப் பல மாதங்களாக ஆசிரியர் இருக்கவில்லை என்று அவன் சொல்லவில்லை. பரீட்சைக்கு முந்திய மாதங்களில் வாப்பாவோடு தோணியில் போனதையும் சொல்லவில்லை. தான் சரியாக நம்பவில்லை என்ற ஒன்றை மட்டும் சொன்னான். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் என் காதில் கிடந்தது.

காத்தான்குடி முதல் ஓட்டமாவடி வரை நமது புத்தகக் கடைகளில் சுயமுன்னேற்ற நூல்களுக்கென்று ஒரு தட்டு இருக்கிறது. கார்னகி, நெப்போலியன் ஹில், 'இரகசியம்' எல்லாம் தமிழில் கிடைக்கின்றன. பிள்ளைகள் பாடப்புத்தகம் தவிர வேறெதையும் வாசிக்காத காலத்தில் இவற்றையாவது வாசிக்கிறார்களே என்று நானும் சந்தோசப்பட்டவன்தான். இப்போதும் இவற்றை வாசிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எதற்காக வாசிக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

பல்கலைக்கழக அனுமதி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்ட அடிப்படையிலும், 5 வீதமானவை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மட்டக்களப்பும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. இடங்களின் எண்ணிக்கை முன்கூட்டியே முடிவானது. நமது மாவட்டத்தில் உயிரியல் படிக்கும் அத்தனை பிள்ளைகளும் தினமும் இருபத்தொரு தடவை "நான் டொக்டர்" என்று சொன்னாலும் ஓர் இடம்கூடக் கூடப்போவதில்லை. வெட்டுப்புள்ளிக்குக் கீழே ஒருவர் நிற்கத்தான் போகிறார். அவரிடம் போய் "உன் எண்ணத்தில் குறை" என்பது அநியாயம்.

வெற்றி பெற்றவர்களின் கதைகளை மட்டும் அடுக்கி எழுதுவதில் இன்னொரு கோளாறும் உண்டு. விடியற்காலை தோணி நிறைய இறாலோடு வருபவரைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். எங்கே வீசினீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று அவரிடம்தான் கேட்பார்கள். அதே நேரத்துக்கு, அதே இடத்துக்குப் போய் வெறும் வலையோடு வந்தவரிடம் யாரும் கேட்பதில்லை. அவரையும் கேட்டால்தான் நேரமும் இடமும் உண்மையில் காரணமா என்று தெரியவரும். 1990இல் நமது ஊர்களில் நடந்தவற்றாலும், 2004 சுனாமியாலும் படிப்பு நின்றுபோன என் வயதுக்காரர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களிடம் ஆர்வத்துக்கு ஒன்றும் குறைச்சல் இருக்கவில்லை.

இந்த வகை நூல்களுக்குப் பெயர் கொடுத்த புத்தகம், சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதி 1859இல் லண்டனில் வெளியான 'செல்ஃப் ஹெல்ப்'. அது பிறந்த கதையை அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஏழைத் தொழிலாள இளைஞர்கள் இரண்டு மூன்று பேர், குளிர்கால இரவுகளில் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுக்கக் கூடினார்கள். கூட்டம் பெருகியது. வீட்டில் இடம் போதவில்லை. வாந்திபேதி பரவிய காலத்தில் ஆஸ்பத்திரியாக இருந்த ஓர் அழுக்கு மண்டபம், நோய்க்குப் பயந்து எவரும் எடுக்காமல் கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்தார்கள். கொஞ்சம் தெரிந்தவர் ஒன்றும் தெரியாதவருக்கு எழுத்தும் கணக்கும் புவியியலும் சொல்லிக்கொடுத்தார். தொகை நூறை எட்டியபோது, தங்களோடு வந்து பேசும்படி ஸ்மைல்ஸை அழைத்தார்கள். அந்தப் பேச்சுகளிலிருந்து வளர்ந்ததுதான் புத்தகம். தலைப்பைப் பார்த்துவிட்டுச் சிலர் இதைச் சுயநலத்துக்குப் புகழாரம் என்று நினைத்துவிட்டதாகப் பின்னைய பதிப்பொன்றில் அவரே வருந்தியிருக்கிறார். மற்றவர்களுக்கு உதவுவதும் அந்தக் கடமைக்குள் அடக்கம் என்பது அவருடைய விளக்கம்.

தமிழில் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் நம்மவர் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டியைச் சேர்ந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம். 'முன்னேறுவது எப்படி?', 'வாழ்வது ஒரு கலை' போன்ற நூல்களை எழுதியவர். இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தவரும் அவரே. நான் ஆசிரியர் கலாசாலையில் படித்தபோது, விடுதியில் அட்டை கிழிந்த அவருடைய புத்தகமொன்று கைமாறிக்கொண்டே இருந்தது. நேரத்தை வீணாக்காதே, கடன் வாங்காதே, சொன்ன சொல்லைக் காப்பாற்று என்கிற வகை அறிவுரைகள். அதிகாலையில் எழுந்து ஒரு மணி நேரம் படிக்கும் பழக்கம் எனக்கு அப்போது வந்ததுதான். ஆகவே இந்த நூல்களால் பயனில்லை என்று என்னால் சொல்ல முடியாது. பழக்கத்தைத் திருத்த அவை உதவும். ஒருவன் ஏன் தோற்றான் என்பதற்கான தீர்ப்பை மட்டும் அவற்றிடம் கேட்கக்கூடாது.

எகிப்திய அறிஞர் முஹம்மது அல் கஸ்ஸாலி, கவலையை விடுவது பற்றிய கார்னகியின் நூலை வாசித்துவிட்டு, அதற்கு இணையாக நமது மரபில் உள்ளவற்றை எடுத்துக்காட்டித் தனியாக ஒரு நூலே எழுதினார். வாசித்ததை அப்படியே விழுங்காமல், தூக்கியும் எறியாமல், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நமது கருத்தரங்குகளில் நான் காண்பது வேறு. மேற்கத்தேயப் புத்தகத்தின் வசனத்தை எடுத்து, முன்னால் ஒரு பிஸ்மியைச் சேர்த்தால் அது இஸ்லாமியமாகிவிடும் என்ற நினைப்பு. முஸ்லிம் கிரந்தத்தில் பதிவான நபிமொழியொன்றின் கருத்து, பயன் தருவதில் முயற்சி செய், அல்லாஹ்விடம் உதவி தேடு, ஏதும் நேர்ந்துவிட்டால் "இப்படிச் செய்திருந்தால்" என்று சொல்லிக்கொண்டிராதே என்பதாகும். மூன்றாவது பகுதியைக் கருத்தரங்கு மேடையில் நான் கேட்டதே இல்லை. அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது அதுதான்.

அன்று அவனிடம் நான் பெரிதாக எதையும் சொல்லவில்லை. புள்ளித்தாளை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். உயிரியலில் நல்ல புள்ளி, இரசாயனத்தில்தான் விழுந்திருக்கிறான். அதாவது ஆசிரியர் இல்லாத பாடத்தில். பக்கத்து ஒழுங்கையில் விஞ்ஞான பீடத்தில் படிக்கும் பிள்ளையொருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். அவரிடம் பேசினேன். இஷாவுக்குப் பிறகு ஒரு வீட்டு விறாந்தையில் இரசாயனம் தொடங்கியது. முதல் நாள் நான்கு பேர், இப்போது பதினொரு பேர். மின்குமிழுக்கும் பாய்க்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. அவன் தனக்குத் தெரிந்த உயிரியலை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

சுவரில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. இரசாயன நேரசூசியை அதற்குக் கீழே ஒட்டியிருக்கிறான்.