கயிறு மாறலாம், கொடி மாறலாமா?

ஆடி 18 அன்று ஒகேனக்கலில் காவிரிக் கரையெங்கும் மஞ்சள். புதுப்பெண் முதல் பேரன் பேத்தி எடுத்தவர் வரை ஆற்றில் குளித்து, பழைய தாலிக்கயிற்றைக் கழற்றிப் புதுக்கயிறு கட்டிக்கொள்வார்கள். வருடாவருடம் கயிறு மாறுவதை யாரும் குறை சொல்வதில்லை. மாற்றாவிட்டால்தான் மாமியார் முகம் மாறும்.

கயிற்றின் இடத்துக்குத் தங்கக் கொடி வந்த வீடுகளில்தான் வாக்குவாதம். பாலக்கோட்டில் தக்காளிக்கோ, தர்மபுரி அங்காடியில் பட்டுக்கூட்டுக்கோ நல்ல விலை கிடைத்த வருடம், தேய்ந்த மூன்று பவுன் கொடியைப் புது டிசைனில் மாற்றிவிடலாம் என்று ஆசை எழும். நிச்சயதார்த்த மோதிரத்துக்கு இந்த விசாரணையே கிடையாது. விரலுக்குச் சேராமல் போனால் அது மகளின் தோடாகிவிடும். உரம் வாங்கப் பணமில்லையென்றால் முதலில் அடகுக்குப் போவதும் அதுதான். தாலி அப்படியல்ல. கொடியை மாற்றத் துணிந்தவர்கள்கூட மாங்கல்யத்தை உருக்க விடுவதில்லை. நல்ல நாள் பார்த்து, முதலில் கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறும். அப்புறம்தான் கொடி இறங்கும்.

புருஷன் போட்டதை மாற்றுவதே அபசகுனம் என்கிற பெரியவர்களும் உண்டு. இருக்கட்டும். அபசகுனத்தைவிடப் பயப்பட வேண்டியது சேதாரத்துக்கு.

2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்கே கணக்குப் போடுவோம். மூன்று பவுன் என்பது 24 கிராம். அதே எடையில் புதுக்கொடிக்குச் சேதாரம் 15 சதவீதம் என்றால் 3.6 கிராம், அதாவது 40,500 ரூபாய். மொத்தத்துக்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 9,315. ஒரு குண்டுமணி தங்கம்கூடக் கூடாமல் ஏறத்தாழ ஐம்பதாயிரம் போய்விடும்! பழைய கொடி முழு 916 தரத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கும். ஹால்மார்க் கட்டாயமானதே 2021 ஜூனில்தான். அதற்கு முன் ஊர் ஆசாரி செய்த கொடியை உரசிப் பார்த்துத் தரம் குறைவென்றால் அதற்கும் கழிவு உண்டு.

சேலைக் கடையில் நூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறவர்கள், தாலிக்கொடி என்றதும் வாய் திறப்பதில்லை. மங்கலப் பொருளுக்குப் பேரம் பேசலாமா என்ற கூச்சம். சேதாரமோ பேசினால் குறைவதுதான். தேய்ந்தது இரண்டு கண்ணி மட்டும் என்றால், பற்றவைக்கக் கூலி சில நூறுகளில் முடிந்துவிடும்.