தானாகத் திறக்கும் கதவு: ஒரு பழைய ஹெரால்டின் குறிப்புகள்

போன ஆனி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அம்மாவைக் கூட்டிட்டு சிங்காநல்லூர்ல இருந்து ஒண்டிப்புதூர் பக்கம் போயிட்டிருந்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து வீசற மாசம். கூரையில்லாத கார்ல போக கோயமுத்தூருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. திருச்சி ரோட்டில இருந்து ஒரு சந்துக்குள்ள திரும்பும்போது வேகத்தடை மேல ஒரு சக்கரம் ஏறினது. அம்மா பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகிட்டது.

மெதுவாகத்தான் போயிட்டிருந்தோம். அம்மா டேஷ்போர்டை இறுக்கிப் புடிச்சுகிட்டாங்க, ஒண்ணும் ஆகல. வண்டியை ஓரங்கட்டினதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "ஏங்கண்ணு, இந்தக் கதவைப் போன வருசமே ரிப்பேர் பண்ணீட்டேன்னியே?"

பண்ணியிருந்தேன். ஒரு தடவை இல்லை, மூணு தடவை. அன்னிக்கு ராத்திரி வண்டிச் செலவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறு வருஷக் கணக்கு. கதவுப் பூட்டு இரண்டு தடவை, கீல் ஒரு தடவை, பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் மூணு தடவை, முன் சக்கரத்து ட்ரன்னியன் இரண்டு தடவை. புதுசா வந்த கோளாறுன்னு பார்த்தா ரொம்பக் கொஞ்சம். பழைய கோளாறுகளேதான் சுத்திச் சுத்தி வந்திருக்கு. அது ஏன்னு தேடினப்போ கிடைச்சதுதான் இந்தக் குறிப்புகள்.

பிரிச்சு மாட்டற கார்

என்னோடது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 60-களின் நடுவுல வந்த ரெண்டு கதவு வண்டி. இங்கிலாந்தில 1959-ல் 'ட்ரையம்ஃப் ஹெரால்ட்'னு வந்த காரை, சென்னைக்குப் பக்கத்தில வண்டலூர்ல இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961 முதல் இங்கே தயாரிச்சது. 948 சி.சி. எஞ்சின். வரைஞ்சவர் ஜொவான்னி மிக்கெலோத்தி என்ற இத்தாலிக்காரர். பானெட் மட்டும் தூக்காது. முகப்பு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டா முன்பக்கம் கவிழும். டயர் மேல உக்காந்துகிட்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். சின்னத் தெருவிலயும் ஒரே ஒடிப்பில திரும்பிடும். வட்டம் வெறும் 25 அடி.

அந்தக் காலத்தில மத்த கம்பெனிகள் பாடியும் சேசிஸும் ஒண்ணாச் சேர்ந்த ஒரே கூடா கார் செய்ய ஆரம்பிச்சிருந்தாங்க. ஹெரால்டுக்கு அது வாய்க்கல. ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செஞ்சு கொடுத்துட்டிருந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிடுச்சு. வேற வழியில்லாம பழைய மாதிரி தனி சேசிஸ் போட்டு, அதுமேல பாடியைத் துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டினாங்க. பக்கவாட்டு சில் கூட போல்ட்தான். கூரையும் போல்ட்தான். அதனால அதே சேசிஸ்ல கூரையில்லாத மாடலை அடுத்த வருஷமே, 1960-லயே, அவங்களால கொண்டுவர முடிஞ்சது.

ஸ்பேனர் இருந்தா கூரையைக் கழட்டிடலாம்ங்கறது நம்ம ஊர்லயும் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் அதைத்தான் பண்ணியிருந்தார். டாப்பைக் கழட்டிட்டு, குழாய் வளைச்சு ஃப்ரேம் செஞ்சு ரெக்ஸின் கூரை தெச்சு மாட்டிட்டார். நான் அதைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினேன். அதனால கீழே எழுதறதுல கம்பெனியைக் குறை சொல்ல ஒண்ணுமில்லை. பாதி வயசு, பாதி எங்க ரெண்டு பேரோட கைவேலை.

செருப்பு டப்பா கணக்கு

ஒரு செருப்பு டப்பாவை மூடியோட எடுத்து முறுக்கிப் பாருங்க, லேசில முறுங்காது. மூடியை எடுத்துட்டு முறுக்குங்க, கையோட வந்துடும். காரும் அப்படித்தான். கூரைங்கறது மழைக்கும் வெயிலுக்கும் மட்டும் இல்லை. முன் கண்ணாடிச் சட்டத்தையும் பின்பாதியையும் இழுத்துக் கட்டி வெச்சிருக்கிற மூடி அது. போல்ட் போட்டு மாட்டினதா இருந்தாலும் அந்த வேலையைச் செய்யுது.

அதனாலதான் கம்பெனிகள் கூரையில்லாத கார் செய்யும்போது கீழே வேற இடத்தில பலம் சேர்ப்பாங்க. தரையில தகடு, சில்லுக்குள்ள இன்னொரு சில், குறுக்குக் கட்டைன்னு ஏதாவது ஒண்ணு இருக்கும். கூரை இல்லாத கார் பல சமயம் கூரையுள்ள காரைவிட எடை கூடுதலா இருக்கறதுக்குக் காரணம் இதுதான். என் வண்டியில கூரை போச்சு, அதுக்குப் பதிலா எதுவும் வரல.

அப்புறம் நடந்தது மெதுவா நடந்தது. வருஷக்கணக்கில வண்டி நடுவயித்தில கொஞ்சம் கொஞ்சமா தொங்கினது. நடு தொங்கினா கதவுச் சந்தோட மேல்பாதி குறுகும். கதவு மேல் மூலையில உரசும், பூட்டு கொண்டியில முழுசா விழாம பாதி மட்டும் கவ்வும். வேகத்தடையில ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது வண்டி முறுங்கும், பாதி கவ்வினது நழுவும். ஒவ்வொரு தடவையும் நான் பூட்டை மாத்தினேன். கதவுச் சந்தை அளந்து பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்லை.

90 ஆயில்

கதவுக்குக் காரணம் புரிஞ்சதும் மத்த வரிகளையும் அதே கண்ணோட பார்த்தேன். முன் சக்கரம் இடமும் வலமும் திரும்ப, கீழே ட்ரன்னியன்னு ஒரு வெண்கலத் துண்டு இருக்கு. மரை போட்ட இரும்புத் தண்டு அதுக்குள்ள சுத்தும். வண்டியோட முன்பக்க எடை இதை நம்பித்தான் இருக்கு. தண்டு முறிஞ்சா சக்கரம் மடங்கிப் படுத்துக்கும். பழைய ட்ரையம்ஃப் வெச்சிருக்கிற எல்லாரும் பயப்படற இடம் இது.

இதுக்குப் போடவேண்டியது கிரீஸ் இல்லை, கியர் ஆயில். நம்ம ஊர்ப் பேச்சில 90 ஆயில். கிரீஸ் மரைக்குள்ள முழுசா இறங்காம மேலயே கெட்டியாகி நின்னுடும். உள்ளே போன தண்ணி வெளியே வராது, தண்டு துருப்புடிக்கும். ஆனா சர்வீஸ் விடற இடத்தில எந்த நிப்பிளைப் பார்த்தாலும் கிரீஸ் கன்னைத்தான் மாட்டுவாங்க. நானும் நின்னு பார்த்துட்டு "நல்லா அடிச்சு விடுங்கண்ணா"ன்னு சொன்னவன்தான். அந்த ரெண்டு ட்ரன்னியனும் தேய்ஞ்சதுக்குப் பொறுப்பு நான்.

பெட்ரோல் பம்ப் கதையும் இதேதான். பம்ப் எஞ்சின் மேலயே உக்காந்திருக்கு, சூட்டில பெட்ரோல் ஆவியாகி சித்திரை வெயில்ல வண்டி சிக்னல்ல நின்னுடும். அதோட 2023-ல இருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலா வர ஆரம்பிச்சிருக்கு. 60-கள்ல செஞ்ச ரப்பருக்கு எத்தனால் ஆகாது; ஊதிப்போகும், விரிசல் விடும். எத்தனால் ஈரத்தையும் இழுத்து வெச்சுக்கும், இரும்பு டேங்க்ல துரு சேரும். நான் திரும்பத் திரும்ப வாங்கிப் போட்ட டயாஃப்ரம் அதே பழைய ரகம். எத்தனால் தாங்கற ரப்பர்ல டயாஃப்ரமும் ஹோஸும் மாத்தினப்புறம்தான் அந்த வரி நோட்டில வரல.

கோயமுத்தூர் கொடுத்த வசதி, கொடுத்த சோம்பல்

வேற ஊரா இருந்தா இந்தக் கார் என்னிக்கோ காயலான் கடைக்குப் போயிருக்கும். இங்கே போகாததுக்குக் காரணம் லேத் பட்டறைகள். ட்ரன்னியன் கடையில கிடைக்கலைன்னா, பம்புசெட்டுக்கு வார்ப்பு எடுக்கிற இடத்தில கன்மெட்டல்ல ஊத்தி, லேத்தில மரை வெட்டி வாங்கிடலாம். இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர்த் திசைன்னு நான் விளக்க ஆரம்பிச்சா, "பழசைக் குடுத்துட்டுப் போங் தம்பி, பார்த்துக்கறோம்"னு பதில் வரும்.

இந்தக் கைத்திறன் இன்னிக்கு நேத்து வந்தது இல்லை. ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸோட ஆரம்பிச்சார். பஸ் கம்பெனி வளர வளர ரிப்பேருக்குச் சொந்தப் பட்டறை வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து மின் மோட்டார் செய்யற அளவுக்குப் போனார். அப்புறம் மில்லு, பம்பு, ஃபவுண்டரின்னு ஊரே பட்டறையாச்சு. 80-கள்ல கரிவர்தன் இங்கேயே ரேஸ் கார் செஞ்சார்.

ஆனா இதில ஒரு ஆபத்தும் இருக்கு. எந்தப் பாகம் போனாலும் ரெண்டு நாள்ல, கையைக் கடிக்காத விலையில செஞ்சு கிடைக்கும்னா, அது ஏன் போச்சுன்னு கேட்கவே தோணாது. உதிரி பாகம் கிடைக்காத ஊர்ல இருந்திருந்தா முதல் பூட்டு போனப்பவே காரணத்தைத் தேடியிருப்பேன்.

ஹெரால்ட் செஞ்சவங்களே இதில எனக்கு முன்னுதாரணம். அந்தக் கார்ல பின் சக்கரம் ரெண்டும் தனித்தனியா மேல கீழ ஆடும். வளைவில வேகமாப் போனா சக்கரம் உள்வாங்கி மடங்கற குணம் அந்த அமைப்புக்கு உண்டு. நம்ம ரோட்டுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது ஒத்துவரல. 1972-ல் ஹெரால்டுக்கு அடுத்து வண்டலூர்ல இருந்து 'கஸல்' வந்தப்போ, அந்த ஆக்ஸில் அமைப்பையே விட்டுட்டு ஒரே தண்டா வர்ற சாதாரண ஆக்ஸிலுக்கு மாறிட்டாங்க.

கூரையைத் தேடிப் போனது

எனக்கு வேற ஒரு நெருக்கடியும் இருந்தது. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய வருஷம் இது. 15 வருஷம் தாண்டின சொந்தக் காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். என் ஆர்.சி.யில கூரையுள்ள கார்னுதான் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிச்ச கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாரா சொல்லிடுச்சு.

50 வயசு தாண்டின வண்டியாச்சே, 'விண்டேஜ்' பதிவுக்குப் போகலாமேன்னு நினைச்சேன். 2021-ல் அதுக்குத் தனி விதி வந்தது. 20,000 ரூபா கட்டினா 10 வருஷத்துக்குப் பதிவு, நம்பர்ல 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும். ஆனா பாடியிலும் சேசிஸ்லயும் பெரிய மாற்றம் செய்யாத வண்டியா இருக்கணும். தினசரி ஓட்டவும் கூடாது; கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு சில காரியத்துக்கு மட்டும்தான். சந்தைக்கும் கோயிலுக்கும் போகத்தான் நான் கார் வெச்சிருக்கேன்.

ஆக எந்தக் கணக்குப் போட்டாலும் விடை கூரையில வந்து நின்னது. பழைய ஓனருக்குப் போன் பண்ணினேன். "அட, அது எங்கீங்க போகுது, தோட்டத்துச் சாளையிலதான் கெடக்குது, வந்து எடுத்துக்குங்க"ன்னார். போய்ப் பார்த்தா கோழிக்கூண்டுக்கு மேல கவுத்து வெச்சிருந்தாங்க. உள்பக்கம் துரு, ஆனா ஓட்டையில்லை.

கொண்டுவந்து மேல வெச்சோம். உக்காரல. பதினோரு மில்லிமீட்டர் இடிச்சது. மெக்கானிக் அண்ணா டேப்பைப் புடிச்சுப் பார்த்துட்டு, "டாப்பு நீளமில்லீங் தம்பி, வண்டி மடங்கியிருக்குது"ன்னார். ஆறு வருஷமா நான் தேடாத காரணத்தோட அளவு அந்தப் பதினோரு மில்லிமீட்டர்.

சேசிஸ்ல இருந்து பாடியைத் தாங்கப் பக்கவாட்டில நீளற கைகள்ல ரெண்டு துருப்புடிச்சு இத்துப் போயிருந்தது. நடுவில ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அந்த ரெண்டையும் வெட்டிப் புதுசு வெல்டிங் வெச்சு, சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவுல தகடு சேர்த்துச் சேர்த்து மட்டம் எடுத்தோம். மூணு வாரம். ஆறு வருஷத்தில கதவுக்கும் பூட்டுக்கும் செலவழிச்சதைவிட அதிகமாத்தான் ஆச்சு. கடைசி நாள் டாப்பு தானா உக்காந்தது. கதவைச் சாத்தினா 'டக்'குன்னு ஒரே சத்தம்.

இப்போ தை மாசம். கதவு இதுவரைக்கும் திறக்கல. ஆனா ஆனிக் காத்து இனிமே இந்த வண்டியில கிடையாது, அந்த வருத்தம் எனக்கு இருக்கு. கூரையில்லாத ஹெரால்ட் வாங்க நினைக்கிறவங்களுக்கு நாலு யோசனை:

1. கதவுச் சந்தை மேலயும் கீழயும் அளந்து பாருங்க. மேல குறுகலா இருந்தா வண்டி தொங்கியிருக்கு. பெயிண்ட்டைப் பார்த்து ஏமாறாதீங்க.
2. ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில தூக்கிட்டுக் கதவைத் திறந்து மூடுங்க. அப்பவும் சுலபமா மூடணும்.
3. ட்ரன்னியனுக்கு என்ன போடறீங்கன்னு கேளுங்க. கிரீஸ்னு பதில் வந்தா அதுக்கான செலவையும் விலையில கழிங்க.
4. கழட்டின டாப்பு எங்கே இருக்குன்னு கேட்டு, காரோட சேர்த்து அதையும் வாங்கிட்டு வாங்க.

பொங்கலன்னிக்கு அம்மா வண்டியில ஏறும்போது கதவை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தான் உக்காந்தாங்க. நான் ஒண்ணும் சொல்லல. இன்னும் கொஞ்ச நாளைக்கு அவங்க அப்படி இழுத்துப் பார்க்கறதுதான் நியாயம்.